நீக்கி ஒன்று, ஏழு நாளில் தேவை

மூவர் முத்திரை குத்த, மற்ற அனைவரும் அந்த மூவருக்காகக் காத்திருக்கும் நிறுவனங்கள் உலகில் பல உண்டு. அவற்றுள் ஒன்று ஓர் ஆய்வு நிலையம். அங்கே முத்திரை அலுவலகத்தின் வழக்கம் மட்டுமன்று, ஆராய்ச்சிக்குரிய பொருளும் அதுவே.

ஓர் உயிரணுவின் வாசலுக்குச் செய்தி ஒன்று வருகிறது. வாசலில் நிற்கும் புரதம், உள்ளே நிற்கும் புரதத்தின்மேல் பாஸ்பேட் என்னும் சிறு குறியை ஒட்டுகிறது. குறி பெற்றது விழித்துக்கொண்டு அடுத்ததன்மேல் ஒட்டுகிறது. அது அதற்கும் அடுத்ததன்மேல். கடைசியில் குறி பெற்றது உட்கருவுக்குள் சென்று உறங்கும் மரபணு ஒன்றை எழுப்பிவிடுகிறது. மீன்முட்டைக்குள் தலை எங்கே, வால் எங்கே என்பது இவ்வாறுதான் முடிவாகிறது. ஒட்டுகின்ற புரதங்களுக்குக் கைனேஸ் என்று பெயர். ஒட்டிய குறியைக் கழற்றுகின்ற புரதங்களும் அதே உயிரணுவில் உண்டு. அவை இல்லையென்றால் எழுந்த மரபணு மறுபடி உறங்காது. வால் முளைக்க வேண்டிய இடத்தில் என்ன முளைக்கும் என்று எவராலும் சொல்ல இயலாது.

நிலையத்தின் வரவேற்பறைச் சுவரில் ஒட்டுகின்ற புரதங்களை ஆளுயரத்துக்கு வரைந்திருந்தார்கள். கழற்றுகின்றவற்றை வரையவில்லை. அவை எதிர்மறையான எண்ணத்தைத் தோற்றுவிக்கும் என்று இயக்குநர் கருதினார்.

மூன்றாம் ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக உதவியாளராக இருந்தவரைத் துளியண்ணன் என்பார்கள். நூறு கிண்ணங்களில் அவர் விடும் நூறு துளியும் ஒரே அளவாக இருக்கும். பேருந்தில் தம் காலை மிதித்தவரிடம் தாமே மன்னிப்புக் கேட்கும் இயல்பினர். அவருடைய மனைவி ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். அந்த அம்மையாருக்கு இந்த இயல்பு இல்லை.

இயக்குநர் பதவியேற்ற மாதமே ஊழியர்களைக் கூட்டிப் பேசினார்.

"உடம்புல இருக்கற செல்லப் பார்த்து நாம கத்துக்கணும். முட்டை வளரணுமா, பாஸ்பேட். காயம் ஆறணுமா, அதே பாஸ்பேட். அதுக்கு ஒரே ஒரு குறி போதுது. நமக்கு மட்டும் எதுக்குய்யா நாப்பத்தாறு படிவம்?"

அன்று முதல் பொருள் கேட்பதற்கும், விடுப்புக் கேட்பதற்கும், ஆளைச் சேர்ப்பதற்கும், ஆளை விலக்குவதற்கும் ஒரே படிவம். அதில் நான்கு கட்டங்கள்: பதவி, கோரிக்கை, எண்ணிக்கை, காலம். கோரிக்கைக் கட்டத்தில் ஒரு சொல்லுக்கு மேல் கூடாது. மீறி இரண்டு எழுதினால் மொழி அலுவலர் முதற்சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிடுவார். முதலில் வருவது பெரும்பாலும் அடைமொழி என்பதும், அடைமொழி என்பது ஆடம்பரம் என்பதும் அவருடைய கொள்கை. அடித்தபின் அவர் முத்திரை குத்துவார். அந்த முத்திரையைக் கண்டு பணியமைப்பு அலுவலர் குத்துவார். அதனைக் கண்டு இயக்குநர் கையொப்பமிடுவார். முந்தைய முத்திரை இருக்கிறதா என்று மட்டுமே பார்க்க வேண்டும். வாசகத்தைப் படிப்பது முந்தைய அலுவலரை ஐயுறுவதாகும் என்று சுற்றறிக்கையும் வந்தது.

இந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது. ஆய்வுக்கூடம் கண்ணாடிக் குழாய் கேட்டது; குழாய்க்காரர் ஒருவர் பையுடன் வந்து, வேண்டாமென்று சொல்லியும் கேளாமல், நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாயைப் பொருத்திவிட்டுப் போனார். மீன் உணவு கேட்டார்கள்; உணவகத்திலிருந்து நாள்தோறும் ஒரு மதிய உணவுப் பொட்டலம் வரத் தொடங்கியது. அதைத் துளியண்ணன் உண்டார். தம் வீட்டுப் பொட்டலத்தை உதிர்த்து மீன்களுக்குப் போட்டார். இரு தரப்பினரும் குறை சொல்லவில்லை.

பிறகு அவருக்கு ஒரு புரதம் தேவைப்பட்டது.

முந்நூறு மீன்கருக்களில் ஒரு கைனேஸ் எந்த மணி நேரத்தில் விழிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருக்களின் புரதங்களைப் பதித்தெடுத்த படலத்தில் கரும்பட்டை ஒன்று விழுந்திருந்தது. அது உண்மையாகவே பாஸ்பேட் குறிதானா, வெறும் அழுக்கா என்று அறிய வழி ஒன்றே: குறியைக் கழற்றும் புரதத்தைச் சேர்த்துப் பார்ப்பது. பட்டை மறைந்தால் குறி, மறையாவிட்டால் அழுக்கு. துளியண்ணன் படிவத்தை எடுத்து எழுதினார். பதவி: ஆய்வுக்கூட உதவியாளர். கோரிக்கை: பாஸ்பேட் நீக்கி. எண்ணிக்கை: ஒன்று. காலம்: ஏழு நாள்.

மொழி அலுவலர் பாஸ்பேட்டை அடித்தார்.

நான்காம் நாள் உறை ஒன்று வந்தது. 'தங்கள் கோரிக்கையை ஏற்று, ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவரைப் பணியிலிருந்து நீக்கி ஆணையிடப்படுகிறது. கோரிக்கை நாளிலிருந்து ஏழு நாளில் பொறுப்பினை ஒப்படைக்கவும்.'

நீக்கி என்பது பெயர்ச்சொல்லாகவும் வரும், வினையெச்சமாகவும் வரும். பெயராகக் கொண்டால் நீக்குகின்ற பொருள். எச்சமாகக் கொண்டால் பின்னால் ஒரு முற்று வர வேண்டும். நிர்வாகத்துக்கு எதையும் எச்சமாக விட்டுவைக்கும் பழக்கம் இல்லையாதலால், தட்டச்சு செய்பவர் முற்றினைத் தாமே சேர்த்துக்கொண்டார்.

துளியண்ணன் ஆணையைக் கையில் பிடித்துக்கொண்டு பணியமைப்பு அலுவலரின் அறைக்குச் சென்றார். அலுவலர் முத்திரைக்கு மை தடவிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு சின்னத் தப்பு நடந்திருக்கு."

"தப்பா? முத்திரை இருக்கா?"

"மூணும் இருக்கு சார்."

"அப்புறம் தப்பு எங்கேர்ந்து வரும்?"

"நான் கேட்டது ஒரு புரதம் சார். குப்பியில வரும். ஐஸ்ல வச்சு அனுப்புவாங்க."

"ஐஸ்ல வச்சா? இங்க பாருங்க, நீங்க என்ன நெனச்சீங்கங்கிறத நான் பார்க்க முடியாது. என்ன எழுதினீங்கங்கிறதத்தான் பார்க்க முடியும்."

"எழுதினதையும் நீங்க பார்க்கலையே சார்."

"அது சுற்றறிக்கை." அலுவலர் முத்திரையைக் கீழே வைத்தார். "சரி, உங்க மனசுக்காகச் சொல்றேன். ஆறு மாசமா சிக்கன நடவடிக்கைன்னு மேலிடத்துலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. யாருமே முன்வரலை. நீங்களா எழுதிக் கேட்டிருக்கீங்க. கேட்டது கெடச்சிருக்கு. எத்தன பேருக்கு இங்க கேட்டது கெடைக்குது, சொல்லுங்க?"

"ஆணைய ரத்து பண்ண ஏதாவது வழி..."

"குத்தினத எடுக்கறதா?" அலுவலர் உண்மையாகவே திகைத்தார். "அதுக்குன்னு இங்க ஆள் கெடையாதே. குத்தறதுக்குத்தான் இருக்கோம்."

துளியண்ணன் அவருடைய நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தார். அலுவலர் பின்னாலிருந்து கூப்பிட்டார். "துளி! போறதுக்குள்ள ஒரு கறை நீக்கிக்குச் சொல்லி வைங்க. சட்டையெல்லாம் முத்திரை மை. வீட்டுல சண்டை."

மூன்றாம் ஆய்வுக்கூடத்து உதவியாளர் கிடங்குக்குப் போகும்போது மற்றவர்களின் தேவையையும் சொல்லி வைப்பது நெடுநாள் வழக்கம். துளியண்ணன் சட்டைப்பைக் குறிப்பேட்டில் அதையும் எழுதிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் பிரிவுபசாரக் கூட்டம் நடந்தது. இயக்குநர் ஒலிபெருக்கியை இரண்டு முறை தட்டிவிட்டுப் பேசினார்.

"பத்தொன்பது வருஷம் இங்க இருந்தவர். இன்னிக்கு அவரே எழுத்துமூலமா, தன்னை நீக்கச் சொல்லிக் கேட்டிருக்கார். எப்பேர்ப்பட்ட மனசு! ஒரு செல்லுக்குள்ள எந்தப் புரதமாவது 'எனக்கு ஏன் இந்தக் குறி'ன்னு கேக்குதா? கேக்காது. வாங்கும், அடுத்ததுக்குக் கொடுக்கும், போயிடும். நானும் அப்படித்தான். வருஷத்துக்கு ஒம்பதாயிரம் கையெழுத்துப் போடறேன். ஒண்ணையாவது படிச்சிருப்பேனா? ஒண்ணு! சத்தியமா இல்ல. அந்த நம்பிக்கையிலதான் இந்த நிலையமே நிக்குது."

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. மேடையை விட்டு இறங்கும்போது இயக்குநர் துளியண்ணனின் தோளில் கைவைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார். "அப்புறம், நம்ம ரூம் மீன்தொட்டி இருக்குல்ல, தண்ணி மாத்தி நாளாச்சு போல. ஒரே நாத்தம். விருந்தாளி வந்தா உட்கார மாட்டேங்கறான். ஒரு நாற்றம் நீக்கி சீக்கிரமா வரவழைங்க."

"தண்ணி மாத்தினா போதும் சார்."

"அதெல்லாம் அடுத்து வர்றவர் பார்த்துப்பார்."

அன்று மாலை துளியண்ணன் வீட்டில் நடந்ததைச் சொன்னார். மனைவி அச்சுத்தாள்களை ஒதுக்கிவைத்துவிட்டு ஆணையையும் அதனுடன் இணைத்திருந்த படிவத்தையும் இரண்டு முறை படித்தார். பிழை தேடிப் பழகிய கண்கள் சிவப்பு மையால் அடித்திருந்த சொல்லில் நின்றன.

"அடைமொழின்னு வெட்டினானா? அது அடைமொழியே இல்லைங்க. செயப்படுபொருள். இதுகூடத் தெரியாம மொழி அலுவலராம்."

"விடு. அவங்க வேலைய அவங்க செஞ்சாங்க."

"விடறதா? பத்தொம்பது வருஷம்! உங்க கை ஒரு நாள் நடுங்கியிருக்குமா? கண்ணு தெரியாம எழுத்தெண்ணிக்கிட்டு நான் உக்காந்திருக்கேன், வீட்டுல ஒரு ஆளாவது நிம்மதியா வேலை பார்க்கறாரேன்னு. அதையும் ஒரு சிவப்புக் கோட்டுல முடிச்சுட்டாங்க. நீங்க போய் மன்னிப்பு வேற கேட்டிருப்பீங்க."

துளியண்ணன் மேசைமேல் கிடந்த அச்சுத்தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

"கேட்டீங்களா?"

"பழக்கதோஷம்."

மனைவி ஆணையை மறுபடி கையில் எடுத்தார். "பொறுப்ப ஒப்படைக்கணும்னு போட்டிருக்கே, என்னத்த ஒப்படைக்கணும்?"

"நிலுவையில இருக்கிற கோரிக்கையெல்லாம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு படிவம். யாருக்குத் தேவையோ அவங்க பதவியப் போட்டு எழுதிக் கட்டாக் கொடுக்கணும்."

"குறிப்பேட்டக் கொண்டாங்க."

குறிப்பேட்டில் அறுபத்திரண்டு நிலுவைகள் இருந்தன. அம்மையார் விரலை வைத்துக்கொண்டே இறங்கி மூன்று இடங்களில் நிறுத்தினார். மொழி அலுவலர், அலமாரிப் பூட்டுக்குத் துரு நீக்கி. பணியமைப்பு அலுவலர், கறை நீக்கி. இயக்குநர், நாற்றம் நீக்கி. அவர் முகத்தில் புன்னகை மெல்லப் பரவியது. கால் நூற்றாண்டாக ஒரே அச்சகத்தில் பிறர் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தவருக்கு, ஒரு பிழையைத் திருத்தாமல் விடும் இன்பம் முதன்முறையாகக் கிட்டியது.

"எழுதுங்க."

"தப்பில்லையா?"

"என்ன தப்பு? அவங்க கேட்டதத்தானே எழுதறீங்க? முழுசா எழுதுங்க. துருன்னு எழுதுங்க, கறைன்னு எழுதுங்க, நாற்றம்னு எழுதுங்க. ஒரு எழுத்துக்கூட விடக் கூடாது. வெட்டறவங்க வெட்டட்டும். காலம்ங்கற கட்டத்துல என்ன போடுவீங்க?"

"சீக்கிரமா வேணும்னு சொன்னாங்க."

"அப்ப 'உடனடி'."

துளியண்ணன் எழுதினார். அறுபத்திரண்டு படிவங்களிலும் எழுத்து ஒரே அளவாக இருந்தது.

ஆறாம் நாள் காலையில் கிடங்குக்காரம்மா அந்தக் கட்டை நாடாவால் கட்டி எடுத்துச்சென்றார். துளியண்ணன் பின்னால் சென்றார். மொழி அலுவலர் சிவப்பு மைக் கோலை எடுத்து வேகமாக அடித்துக்கொண்டே வந்தார். மேசை, அடி. பஞ்சு, அடி. துரு என்பதன்மேல் கோல் ஒரு கணம் நின்றது.

"துரு, கறைன்னு என்னய்யா இவ்வளவு அடைமொழி? எழுதறவனுக்குக் கட்டுப்பாடே இல்ல," என்று சொல்லி மொழி அலுவலர் தம் துருவை நீக்கினார்.

பணியமைப்பு அலுவலர் ஒவ்வொரு தாளிலும் முத்திரை இருக்கும் மூலையை மட்டும் விரலால் புரட்டிக் குத்தினார். ஓரிடத்தில் மை சிந்தி அவருடைய கைப்பட்டையில் பட்டது. "என்ன ஆச்சு என் கறை நீக்கி?" என்றார்.

"இந்தக் கட்டுலதான் இருக்கு சார்."

"சபாஷ்," என்றவர் அடுத்த தாளைக் குத்தினார். அடுத்த தாள் அவருடையது.

இயக்குநரின் அறையில் மூக்கைப் பொத்திக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. அவர் தொலைபேசியில் ஒரு கருத்தரங்கைப் பற்றிப் பேசிக்கொண்டே அறுபத்திரண்டு கையொப்பங்கள் இட்டார். கடைசித் தாளில் பேனா மை தீர்ந்துவிட்டது. துளியண்ணன் பணிவுடன் தம் பேனாவைக் கொடுத்தார்.

பிற்பகலில் ஆணைகள் வந்தன. தட்டச்சு செய்பவர் எதையும் படிப்பதில்லை, அடிப்பதோடு சரி. ஆதலால் மூன்றையும் ஒரே பெருமூச்சில் அடித்திருந்தார். மொழி அலுவலர் ஒருவரை நீக்கி, பணியமைப்பு அலுவலர் ஒருவரை நீக்கி, இயக்குநர் ஒருவரை நீக்கி, உடனடியாக ஆணையிடப்பட்டிருந்தது.

இயக்குநர் அறையிலிருந்து கத்தியபடி வந்தார். "யார்யா இதுல கையெழுத்துப் போட்டது?"

"நீங்கதான் சார்," என்றார் தட்டச்சர்.

"நானா? நான் எப்படி என்னையே... ரத்து பண்ணு! இப்பவே ரத்து பண்ணு!"

"அதுக்குப் படிவம் எழுதணும் சார். எழுதினா இயக்குநர் கையெழுத்து வேணும். இப்ப இயக்குநர் இல்லையே."

பணியமைப்பு அலுவலர் தாமே இயற்றிய விதிநூலைப் பரபரவென்று புரட்டினார். உடனடியாக நீக்கப்பட்டவர், பொறுப்பு ஒப்படைப்புப் பணியில் இருப்பவரிடம் முத்திரையைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் வளாகத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. அந்த வாரம் நிலையத்தில் அப்பணியில் இருந்தவர் ஒருவரே. அவருக்கு இன்னும் ஒரு நாள் மீதியிருந்தது.

துளியண்ணன் மூன்று முத்திரைகளையும் பெற்று, மூன்றுக்கும் ஒப்புகை எழுதிக் கொடுத்தார். வழக்கம்போல் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார், வரவில்லை. தமக்கே அது வியப்பாக இருந்தது.

அவர் வீட்டுக்குத் தொலைபேசி செய்தார்.

"மூணும் என் கையில இருக்கு. ஆனா குத்தினத எடுக்கறதுக்கு விதி இல்ல. நாளைக்கு நானும் போகணும்."

"குறியக் கழட்டறதுக்கு நீக்கின்னா, ஒட்டறதுக்கு என்ன பேருங்க?"

"கைனேஸ். தமிழ்ல பாஸ்பேட் சேர்ப்பின்னு எழுதுவோம்."

"அது உங்களுக்குத் தேவைப்படுதா?"

"நெசமாவே தேவைதான். நீக்கியும் வேணும், அதுவும் வேணும்."

"சேர்ப்பி. பெயராவும் வரும், ஏவலாவும் வரும். யாரச் சேர்ப்பிக்கணும்னு பதவிக் கட்டத்துல போட்டிருக்கும். போட்டு அனுப்புங்க."

துளியண்ணன் படிவத்தில் 'பாஸ்பேட் சேர்ப்பி, ஒன்று, உடனடி' என்று எழுதினார். மொழி அலுவலர் பொறுப்பில் முதற்சொல்லை அடித்தார். குத்தினார். முந்தைய முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது, குத்தினார். இயக்குநர் பொறுப்பில் கையொப்பமிட்டார். தட்டச்சர் அதை வாங்கி, ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவரைப் பணியில் சேர்ப்பிக்குமாறு ஆணை அடித்து அவரிடமே கொடுத்தார். மீதியிருந்த நேரத்தில் துளியண்ணன் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டார்: கோரிக்கைக் கட்டத்தில் எத்தனை சொல் வேண்டுமானாலும் எழுதலாம். அதன்பின் பாஸ்பேட் நீக்கி கேட்டு, முழுப்பெயருடன் ஒரு படிவம். குப்பி எட்டாம் நாள் ஐஸ்பெட்டியில் வந்தது. படலத்தில் கரும்பட்டை மறைந்தது. அழுக்கன்று, குறியேதான்.

மூன்று வாரம் கழித்து மேலிடம் ஒரு முடிவுக்கு வந்தது. நீக்கம் எழுத்துப்பிழையால் நேர்ந்தது என்று, படிவத்தை எழுதியவரே சான்று தந்தால், அதிகாரிகளை மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். எழுதியவர் துளியண்ணன்.

முதலில் மொழி அலுவலர் வந்தார். துளியண்ணன் மறுக்கவில்லை, உள்ளதை உள்ளபடியே எழுதிக் கொடுத்தார். 'மொழி அலுவலரிடம் துரு ஏறியிருந்தது என்றும், அதனை நீக்குமாறு அவரே கேட்டுக்கொண்டார் என்றும் சான்றளிக்கிறேன்.' அவர் அதை வாங்கிக்கொண்டு எங்கே போனார் என்று தெரியவில்லை. பணியமைப்பு அலுவலர் தமக்குரிய சான்றை வாசலிலேயே படித்துவிட்டுக் கெஞ்சினார்.

"'கறை படிந்திருந்தது'ன்னு போட்டா மேலிடத்துல என்னய்யா நெனப்பாங்க? சட்டையிலன்னு ஒரு வார்த்தை சேருங்களேன்."

"படிவத்துல சட்டை இல்லையே சார். இல்லாதத நான் எப்படிச் சான்று கொடுக்கறது?"

கடைசியாக இயக்குநர் வந்தார். ஆய்வுக்கூடத்தின் வெளிப்புறச் சன்னல் வழியாகத்தான் பேச முடிந்தது. உள்ளே வர அவருக்கு அனுமதிச்சீட்டு இல்லை. துளியண்ணன் கருக்களுக்குத் துளி விட்டுக்கொண்டிருந்தார். நூறு கிண்ணமும் முடியும்வரை இயக்குநர் வெயிலில் நின்றார். பிறகு துளியண்ணன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, முன்னரே எழுதி வைத்திருந்த தாளைச் சன்னல் கம்பிக்கிடையே நீட்டினார்.

இயக்குநர் தம் வாழ்நாளில் முதன்முறையாக, ஒரு தாளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார்.

'இயக்குநரின் அறையில் தாங்கொணா நாற்றம் இருந்தது உண்மை. அதனை உடனடியாக நீக்கும்படி அவரே எழுத்துமூலம் கோரியதும் உண்மை. அவர் நீங்கிய மறுநாள் தண்ணீர் மாற்றப்பட்டது. இப்போது நாற்றம் இல்லை.'